லிம்பே: மிஷன் ஊரில் ஒரு விலங்குக் காப்பகம்

கேமரூன் நாட்டின் தென்மேற்குக் கரையில் கேமரூன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் லிம்பே, மிஷனரி ஒருவர் விலைக்கு வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர். ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி ஆல்பிரட் சேக்கர் 1844இல் பெர்னாண்டோ போ தீவுக்கு வந்தார். மறு ஆண்டு எதிர்க்கரைக்குப் போய்த் துவாலா மக்களிடையே ஊழியத்தைத் தொடங்கினார். 1858இல் தீவின் ஸ்பானிய ஆளுநர், கத்தோலிக்க வழிபாடு தவிர மற்றதற்கு அங்கே இடமில்லை என்று அறிவித்தார். தீவில் இருந்த பாப்டிஸ்ட் சபையாரில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். அவர்களுக்காகச் சேக்கர், பிம்பியா அரசர் வில்லியமிடம் அம்பாஸ் விரிகுடாவை ஒட்டி நிலம் வாங்கினார். அங்கே உருவான குடியிருப்புக்கு இங்கிலாந்து அரசியின் பெயரால் விக்டோரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் 1982 வரை நீடித்தது.

இன்று அந்த ஊருக்கு வரும் வெளிநாட்டார் தேடிப் போகும் கொரில்லாவை மேலை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் ஒரு மிஷனரிதான். 1847இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் தாமஸ் சேவேஜ், கபோன் ஆற்றங்கரையில் சக மிஷனரி ஜான் லெய்டன் வில்சன் வீட்டில் ஒரு மண்டை ஓட்டைப் பார்த்தார். அது சிம்பன்சியுடையது அல்ல என்று புரிந்துகொண்டு மேலும் எலும்புகளைத் திரட்டினார். உடற்கூறியலாளர் ஜெஃப்ரீஸ் வைமனுடன் சேர்ந்து அதே ஆண்டில் அதை அறிவியல் முறைப்படி விவரித்தார். அக்கரையோர மக்கள் காலங்காலமாக அறிந்திருந்த விலங்குதான் அது. செய்தி பரவியதும் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்கள் தோலும் எலும்பும் கேட்டு நின்றன. மிஷன் வீடுகளின் வழியாகவும் அவை கப்பலேறின. விலங்கைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு வரவில்லை.

விலங்குகளை உயிரோடு வைத்துப் பேணிய மிஷன் நிலையம் இல்லாமலும் இல்லை. கபோனின் லாம்பரேனேயில் 1913இல் மருத்துவமனை தொடங்கிய ஆல்பர்ட் சுவைட்சர், அதன் வளாகத்தில் சிம்பன்சி, மான், கூழைக்கடா எல்லாம் வளர்த்தார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் பரிவு; அதற்குப் பின்னால் சட்டமோ திட்டமோ இல்லை.

1887இல் விக்டோரியா ஜெர்மானியர் கைக்குப் போனது. பாப்டிஸ்ட் மிஷனின் இடத்தை பாசல் மிஷன் எடுத்துக்கொண்டது. 1892இல் அங்கே தாவரத் தோட்டம் அமைத்தார்கள். அதை நடத்திய பால் பிரோய்ஸின் முதல் அக்கறை கொக்கோ, ரப்பர் போன்ற பணப்பயிர்கள். ஆனாலும் அந்த மலைக்காட்டுக் குரங்கு ஒன்றுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய காலத்தின் பெயரை, அழிந்துவரும் ஒரு காட்டுவிலங்கு சுமந்து திரிகிறது.

தாவரத் தோட்டத்தை அடுத்திருந்த பழைய மிருகக்காட்சிசாலை, 1993இல் பாண்டிரில்லஸ் அமைப்பும் கேமரூன் அரசும் கைகோத்ததில் லிம்பே வனவிலங்கு மையமாயிற்று. அங்கே வரும் குட்டிகளின் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: இறைச்சிக்காகத் தாயைச் சுடுகிறார்கள், கறிக்கு உதவாத அளவு சிறிய குட்டியை வளர்ப்புக்கென்று விற்கிறார்கள். மரம் வெட்டப் போட்ட சாலைகள் வேட்டைக்காரர்களை நடுக்காடு வரை கொண்டு சேர்த்தன. 1994ஆம் ஆண்டின் வனச் சட்டம் கொரில்லாவையும் சிம்பன்சியையும் முழுப் பாதுகாப்பில் வைத்தது. அதன்பிறகு பறிமுதல் செய்த விலங்குகளைக் கொண்டுபோய் விட ஓர் இடம் தேவைப்பட்டது. லிம்பே அந்த இடமானது.

சாம்பல் கிளிகளும் கூட்டங்கூட்டமாக இங்கே வந்து சேர்ந்தன. கிளைகளில் பசை தடவிப் பிடிப்பதால் இறகுகள் பிய்ந்தும் ஒட்டியும் போயிருக்கும், பறவை பறக்காது. கெட்ட இறகு உதிர்ந்து புதியது முளைக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கூண்டில் வைத்துத் தீனி போட்டு, இறகு கூடியபின் பறக்க விடுகிறார்கள்.

மையத்தின் பெயரை உலகம் அறியச் செய்தது நான்கு கொரில்லாக்களின் பயணம். 2002இல் நைஜீரியாவிலிருந்து, கூண்டில் பிறந்தவை என்று பொய்ச் சான்று காட்டி, அவற்றை மலேசியாவின் தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். குட்டு வெளிப்பட்டதும் மலேசியா 2004இல் அவற்றைத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அனுப்பியது. தன் காட்டில் பிடிபட்டவை என்று கேமரூன் விடாமல் கேட்டு, 2007 நவம்பரில் லிம்பேவுக்கு வரவழைத்தது. கூண்டில் வாழ்ந்ததாக அறியப்பட்ட ஒரே கிராஸ் ரிவர் கொரில்லாவான நியாங்கோவும் 2016இல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தது.

மருத்துவமனை, பள்ளிக்கூடம், சபை வேலை என்று ஆப்பிரிக்காவுக்கு வரும் மிஷன் குழுக்கள் ஓய்வு நாளில் இத்தகைய காப்பகங்களுக்குப் போவது வழக்கம். லிம்பேவில் எரிமலைக் கருமணல் கடற்கரை, தாவரத் தோட்டம், விலங்கு மையம் மூன்றும் ஒரே நாளில் முடியும். குட்டியைத் தூக்கி வைத்துப் படமெடுக்கும் ஆசையோடு வருபவர்களுக்குத்தான் ஏமாற்றம். மனிதரின் சளியும் அம்மையும் மனிதக்குரங்குகளைத் தொற்றிக் கொன்றுவிடும் என்பதால் தொடுவதற்கு அனுமதி இல்லை. புதிதாக வரும் விலங்கையும் தனிமையில் வைத்துச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறார்கள். இந்தக் கண்டிப்புதான் காப்பகத்தையும் வேடிக்கைச்சாலையையும் பிரிக்கிற கோடு.

2016இன் இறுதியில் கேமரூனின் ஆங்கிலம் பேசும் வட்டாரங்களில் தொடங்கிய அரசியல் கிளர்ச்சி ஆயுத மோதலாக வளர்ந்தது. லிம்பே அந்த வட்டாரத்தில் இருப்பதால் வெளிநாட்டார் வரவு குறைந்தது. அதோடு நுழைவுக் கட்டண வருமானமும் குறைந்தது. விலங்குகளின் தீனிச் செலவு மட்டும் குறைவதில்லை; அதனால் வெளிநாட்டு நன்கொடையின் தேவை கூடியிருக்கிறது.