கற்றுக்கொடுப்பவருக்குப் பத்து மணி நேரம்

கூரையிலிருந்து தொங்கும் பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். மாட்டியவர் முறையாகத் தொழில் பழகியவராக இருந்தால், உள்ளே ஒரு முடிச்சு இருக்கும். ஒயரின் ஓர் இழை போட்ட வளையத்துக்குள் மற்ற இழையைக் கோத்து இழுத்த முடிச்சு. தொங்கும் கனத்தை அது தாங்கிக்கொள்வதால் திருகில் மாட்டிய கம்பி இழுபடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவில், எலக்ட்ரிக் வேலையோடு சம்பந்தமே இல்லாத சூப்பர்வைசர்களுக்கெல்லாம் இந்த முடிச்சைக் காட்டினார்கள். வகுப்பிலிருந்து ஒருவரை முன்னே அழைத்து, எப்படிப் போடுவது என்று பயிற்சியாளர் வாயால் மட்டும் சொல்வார். அவரால் போட முடியாது. அடுத்தவருக்கு ஒன்றும் சொல்லாமல் செய்து மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. மூன்றாவது ஆளைப் பக்கத்தில் நிறுத்தி நான்கு படிகளாகச் சொல்லிக் கொடுப்பார். முடிச்சு விழுந்துவிடும்.

அம்பத்தூரில் ஃபிட்டர் அப்ரண்டிஸாகத் தொடங்கி, உதிரிபாகத் தொழிற்சாலைகளின் பயிற்சிப் பிரிவில் வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். எங்கள் தொழிலின் பூர்வகதையை யாராவது கேட்டால் இந்த முடிச்சிலிருந்துதான் தொடங்குவேன்.

அந்த நான்கு படிகளில் முதல் படியில் கற்பவரின் பதற்றத்தைத் தணிக்க வேண்டும், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், வேலை தெளிவாகத் தெரியும் இடத்தில் அவரை நிறுத்த வேண்டும். எதிரே நின்று பார்த்தால் இடது கை வலது கையாகத் தெரியும் என்பதால் அந்தக் கடைசிக் காரியம் சின்னதல்ல. அடுத்து, ஒவ்வொரு கட்டமாகச் செய்து காட்டி, வேலையைக் கெடுக்கவோ காப்பாற்றவோ கூடிய இடங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஷாப் ஃப்ளோரில் இன்றும் அவற்றைக் 'கீ பாயிண்ட்' என்கிறோம். மூன்றாவதாக, அவரையே செய்ய வைத்து, ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கடைசியில் தனியே வேலை செய்ய விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஆளைக் காட்டி, அடிக்கடி போய்ப் பார்த்து, தேறத் தேறப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும்.

இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது கப்பல் கட்டத் திடீரென்று ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாசசூசெட்ஸில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்த சார்லஸ் ஆர். ஆலன், கப்பல் தளங்களின் அனுபவஸ்தர்களையே ஆசிரியர்களாக்கும் பயிற்சியை அமைத்தார். ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் சிந்தனையை ஒட்டிய நான்கு படிகளை அதற்கு வகுத்து, 1919-ல் புத்தகமாகவும் எழுதினார்.

போர் முடிந்ததும் இதையெல்லாம் மறந்துபோனார்கள். 1940-ல் திரும்பவும் தேவை வந்தது. ராணுவக் கருவிகளுக்கு லென்ஸ் தேய்க்க 350 பேர் அவசரமாக வேண்டும். ஒரு தேர்ந்த லென்ஸ் தொழிலாளி உருவாகவோ ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, கைத்திறன் அதிகம் வேண்டாதவற்றை மற்றவர்களுக்குக் கொடுத்து, மிஞ்சியதை மட்டும் நான்கு படி முறையில் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு என்பது சில மாதங்களாகச் சுருங்கியது. 'டி.டபிள்யூ.ஐ.' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அரசுத் திட்டம் இப்படித்தான் கால் ஊன்றியது. சானிங் டூலி, வால்டர் டயட்ஸ், மைக் கேன், வில்லியம் கானோவர் என்ற நால்வர் அதை நடத்தினார்கள். 1945-ல் முடியும்போது, 16,000-க்கும் அதிகமான தொழிற்சாலைகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சிச் சான்று பெற்றிருந்தார்கள்.

அந்தச் சான்றை வாங்கியவர்கள் யார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சூப்பர்வைசர்கள், சீனியர்கள், கைபிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள். பத்துப் பேர் கொண்ட குழு, தலைக்குப் பத்து மணி நேரம், கடைசியில் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை. உலகப் போருக்கு நடுவே, ஒவ்வொரு ஷிப்டும் ஆளுக்குத் தவித்த நேரத்தில், கற்றுக்கொடுப்பவருக்கு அந்தப் பத்து மணி நேரத்தை ஒதுக்கினார்கள்.

போருக்குப் பின் அமெரிக்காவில் இது தேய்ந்தது. ஆனால் நேசநாட்டுப் படைகள் ஜப்பானுக்கு அதைக் கொண்டுபோயின. 1950-களின் தொடக்கத்தில் டொயோட்டா அதை எடுத்துக்கொண்டு விடாமல் பிடித்துக்கொண்டது. அதே பத்தாண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் நிபுணர்கள் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. இங்கே அது ஆலைகளின் வழக்கமாக வேர்விடவில்லை என்பது என் கணிப்பு. நம்மிடம் வேர்விட்டது ஐ.டி.ஐ.யும், 1961-ன் அப்ரண்டிஸ் சட்டமும்.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவன் நான். ஃபிட்டருக்கு முதலில் அரம்தான். மைல்ட் ஸ்டீல் துண்டு ஒன்றை வைஸில் கவ்வ வைத்துத் தட்டையாக ராவ வேண்டும். சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் புளூ தடவி வேலையைத் தேய்த்தால் மேடான இடமெல்லாம் நீலமாகும். அதை ராவி, மீண்டும் தேய்த்து, மீண்டும் ராவி. பக்கத்து வைஸில் நின்ற சீனியர் என் முழங்கையைப் பிடித்து உயரத்தைச் சரிசெய்துவிட்டு, "தம்பி, சத்தத்தைக் கேளு. எங்க கீச்சுன்னு மாறுது?" என்பார். அரத்தின் பல்லில் துகள் சிக்கினால் சத்தம் மாறும், பரப்பில் கீறல் விழும். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. அவருக்கு நான்கு படி தெரியாது. ஆனால் மூன்றாவதையும் நான்காவதையும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஜப்பான் சுற்றி வந்த வடிவம் பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் 'டோஜோ' அறையாக எங்களிடம் வந்து சேர்ந்தது. லைனில் நிற்கும் முன் புது ஆள் அங்கே போல்ட் முறுக்கிப் பழகுவார், நல்ல வெல்டையும் கெட்ட வெல்டையும் தொட்டுப் பார்ப்பார். சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ்: ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நான்காகப் பிரித்த வட்டம். மேற்பார்வையில் செய்வார் என்றால் இவ்வளவு, தனியாகச் செய்வார் என்றால் இவ்வளவு என்று நிரப்பிக்கொண்டே போய், மற்றவருக்குக் கற்றுத்தரக் கூடியவருக்கு மட்டும் முழு வட்டம். எனக்கு மிகவும் பிடித்த சுவர் அது.

இப்போது வட்டம் நிரம்பும் வழி மாறிவிட்டது. செல்போனில் வீடியோ, முடிவில் சில கேள்விகள், சரியான விடையைத் தட்டினால் 'கம்ப்ளீட்டட்'. வீடியோவை நான் வெறுக்கவில்லை. வெல்டிங் சிமுலேட்டரில் ராடு வீணாகாமல் கை பழகுவது பெரிய வசதி. கண்ணுக்கு எட்டாத வேகத்தில் நடப்பதை மெதுவாக ஓட்டிக் காட்டுவது எந்த ஆசிரியராலும் முடியாதது. என் ஆட்சேபம், அந்த நான்கில் இரண்டாவது படியை மட்டும் செய்துவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவதில். செய்து காட்டினால் மட்டும் போதாது என்பதை முடிச்சுப் போட்டு நிரூபித்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இதற்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. பல லைன்களில் இப்போது பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் வருபவர்கள், சில மாதங்களில் போய்விடுபவர்கள். போகப்போகிறவனுக்கு எதற்குச் சீனியரின் நேரம் என்று கேட்கிறார்கள். முழு வட்டம் பெற்றவரும் அதே ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் போகும் நாளில் கற்றுக்கொடுக்கும் ஆளும் போகிறார். அடுத்த பேட்சுக்கு மிஞ்சுவது வீடியோ மட்டும். விரல் நசுங்கும் விபத்துகளின் அறிக்கையில் 'பயிற்சி பெற்றவர்' என்ற கட்டத்தில் டிக் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த டிக்கைப் போட்டவர் யாரும் அடிபட்ட பையன் பக்கத்தில் நின்று, கையை ஏன் அங்கே வைக்கக்கூடாது என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்ததில்லை.

லைன் லீடருக்குப் பத்து மணி நேரம் கொடுங்கள் என்று எந்தப் பட்ஜெட் கூட்டத்திலும் நான் கேட்பதுண்டு. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். புதியவர் வந்த முதல் வாரம் லீடருடைய உற்பத்தி இலக்கையும் கொஞ்சம் தளர்த்துங்கள் என்பேன். ஒத்துக்கொண்ட மேனேஜர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பிரெஸ் லைனில், ஷிப்டுக்கு நடுவே ஒரு லீடர் மெஷினை நிறுத்திவிட்டு, புதிதாக வந்த பெண்ணிடம், "நீ சொல்லும்மா, அடுத்து என்ன, ஏன்?" என்று கேட்டார். அவள் சொல்லி முடித்த பிறகுதான் ஸ்விட்சைப் போட்டார்.