வேட்டைத் துப்பாக்கியில் பறவைச் செதுக்கல்

பறவை வேட்டைக்கான இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் இரும்புப் பாகங்களில் சிற்றுளியால் வெட்டப்படும் சித்திர வேலை. குழல்கள் வந்து பொருந்தும் நடுப்பகுதி, அதன் இருபக்கத் தகடுகள், விசைக்காப்பு வளையம் ஆகியவை இதற்கான இடங்கள். இரும்பைப் பதம் ஏற்றிக் கடினமாக்குவதற்கு முன்பே செதுக்கிவிட வேண்டும். பதத்தை இறக்காவிட்டால் பிறகு உளி ஏறாது.

சிக்கிமுக்கித் துப்பாக்கிக் காலத்தில் பக்கத் தகட்டில் பாதியைச் சுத்தியே அடைத்துக்கொண்டது. கொடி, இலை, ஒரு சிறு பறவை, மோப்ப நாய் ஒன்று, அவ்வளவுக்குத்தான் இடம். 1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சனும் டீலியும் இயக்கம் முழுவதையும் உடலுக்குள் ஒளித்து வைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுத்தி மறைந்தது, பக்கங்கள் தட்டையாயின. ஒரு முழுக் காட்சியை வரைய அப்போதுதான் இடம் பிறந்தது.

அந்த இடத்தை எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பவில்லை. லண்டனின் பர்டி நிறுவனம் நுண்ணிய ரோஜாக் கொத்துகளோடும் சுருள்கொடிகளோடும் நிறுத்திக்கொண்டது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 'ராயல்' வகையில் இலைகள் தடித்துப் புடைத்திருக்கும். பறவைப் படம் கொஞ்சம் பகட்டு என்பது அந்நாளைய லண்டன் ரசனை. ஜெர்மனியின் ஸூலிலும் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கிலும் ஓக் இலைகளுக்கு நடுவே விலங்கும் பறவையும் ஆழமாகப் புடைத்தெழும். அமெரிக்கப் பார்க்கர் துப்பாக்கியில் படமும் விலையோடு சேர்ந்தே உயர்ந்தது: தரம் ஏற ஏறப் பறவைகளும் நாய்களும் கூடும், கோடுகள் நுணுகும். 1931இல் விற்பனைக்கு வந்த பிரவுனிங் சூப்பர்போஸ்டின் 'மைடாஸ்' தரத்தில் பறவைகள் தங்கத்திலேயே பதிக்கப்பட்டன. மலிவுச் சரக்கின் கதை வேறு. வால் நீண்டால் ஃபெசன்ட், கழுத்து நீண்டால் வாத்து. அதற்குமேல் அடையாளம் தேடுவது வீண்.

வேலைத்திறனின் உச்சம் இத்தாலியின் பிரெசியாவை அடுத்த கார்டோனே வால் ட்ரோம்பியாவில்தான். 'புலினோ' எனும் கூர்முனை உளியைக் கையாலேயே அழுத்தி, புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலும் நிழலும் ஒளியும் காட்டுவார்கள். ஃபிர்மோ ஃப்ரகாசியின் தகடுகளில் இறகை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

இந்தியாவுக்கு இந்தக் கலை பெரும்பாலும் கப்பலில் வந்தது. லண்டனில் புகழ்பெற்ற ஜோசப் மேன்டனின் மகன் ஃபிரெடரிக் 1825இல் கல்கத்தாவில் மேன்டன் கடையைத் தொடங்கினார். சென்னையில் மவுண்ட் ரோட்டு பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கடிகாரம், வெள்ளிச் சாமான்களோடு துப்பாக்கியும் விற்றது. இத்தகைய கடைகள் விற்ற துப்பாக்கிகளில் பல பர்மிங்காமில் செய்யப்பட்டவை. கடைப்பெயர் மட்டும் இங்கத்தியது. அதனால் படங்களும் இங்கிலாந்தையே காட்டின. அதற்கு முந்தைய நம் மரபில் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் புலித்தலையையும் புலிவரிகளையும் தாங்கியவை; அவற்றில் ஆண்ட மன்னனின் அரசியல் சின்னம் இருந்ததே தவிர வேட்டையின் இரை இல்லை.

துப்பாக்கியில் இருந்த படத்துக்கும் இங்கு நடந்த வேட்டைக்கும் உள்ள இடைவெளிக்குத் திருத்தணிப் பகுதியின் ஆர்.கே.பேட்டை ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள முட்புதர்க் குன்றுகளின் பறவைகள் கௌதாரியும் காடையும். ஏரி நிறைந்தால் உள்ளானும் வாத்தும் இறங்கும். சென்னை மாகாணத்தில் ஆங்கில அதிகாரிகளும் ஜமீன்தார்களும் சுட்டவை இவைதாம். அவர்கள் தோளில் இருந்த இரும்பிலோ பனி நாட்டு ஃபெசன்ட் பறந்தது. செதுக்கிய பறவை துப்பாக்கி பிறந்த ஊரைச் சொல்லும், அது வெடித்த ஊரைச் சொல்லாது. பழைய துப்பாக்கியை மதிப்பிட வருபவர் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது இறகுக் கோடுகளை: தேய்ந்த கோட்டைப் பின்னாளில் மீண்டும் வெட்டியிருந்தால், பழைய வெட்டின் மென்மை அதில் வராது, விலையும் இறங்கும்.

இந்தத் துப்பாக்கிகளால் இந்தியாவில் இன்று பறவை வேட்டையாட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்ற சிறுவேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் நீக்கியது. சுடும் நிலையிலுள்ள துப்பாக்கியை, அது எவ்வளவு பழையதானாலும், வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.