நல்லேப்பிள்ளிக்காரனுக்கு அலை சொல்லிக் கொடுத்தவர்கள்

சிட்னி கடற்கரையில் தமிழ்க் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும். அம்மா கணுக்கால் நனைகிற அளவுக்கு நின்று "அதுக்கு மேல போகாதே" என்று கத்திக்கொண்டிருப்பார். அப்பா மணலில் உட்கார்ந்து துண்டுகளுக்கும் புளியோதரை டப்பாவுக்கும் காவல் இருப்பார். ஏழு வருஷம் அந்த அப்பா நான்தான்.

என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. பாலக்காடு ஜில்லாவில் சித்தூர் பக்கம். கேரளாவில் இருந்தாலும் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். காற்று உண்டு, நெல் உண்டு, பனை உண்டு. கடல்? குருவாயூர் போகும்போது சாவக்காட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வருஷத்துக் கடல் முடிந்தது. சித்தூர்ப் புழையில் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போனதில்லை. "தண்ணியோட என்னடா வெளையாட்டு" என்பதுதான் பாட்டி எனக்குக் கொடுத்த ஒரே நீச்சல் பாடம்.

நிற்க. சமாச்சாரம் அதுவல்ல.

பெண்ணுக்கு ஒன்பது வயசானபோது சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம். இங்கே சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவேதான் குளிக்க வேண்டும், இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாது. அவளுக்கு ஏதாவது ஆனால் மணலில் இருந்து கத்துவதைத் தவிர என்னால் ஒன்றும் முடியாது. அந்த எண்ணம் வந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நாற்பத்திரண்டு வயசில் கவுன்சில் நீச்சல் குளத்தில், ஆறு வயசுக் குழந்தைகளுக்கு அடுத்த லேனில், தண்ணீரில் முகத்தை வைக்கக் கற்றுக்கொண்டேன். (பக்கத்து லேன் குழந்தை ஒன்று எனக்குக் கை தட்டியது. மறக்க மாட்டேன்.)

அவளை வகுப்புக்குக் கூட்டிப்போன கடற்கரை, மேன்லிக்கு வடக்கே இருக்கிற ஃப்ரெஷ்வாட்டர். அங்கே மேட்டில், பாறைகளுக்கு மேலே பலகையில் நிற்கிற ஒரு மனிதரின் சிலை இருக்கிறது. ட்யூக் கஹானமோகு. ஹவாய்க்காரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம், 1920 ஆன்ட்வெர்ப்பில் மறுபடி தங்கம். 1914 கடைசியில் சிட்னிக்கு நீச்சல் போட்டிகளுக்காக வந்தவர், உள்ளூரில் மரம் வாங்கித் தானே ஒரு பலகையைச் செதுக்கி, ஃப்ரெஷ்வாட்டர் அலையில் நின்று காட்டினார். அந்தக் கோடையிலேயே இசபெல் லெத்தம் என்ற 15 வயசுப் பெண்ணைத் தன் பலகையில் ஏற்றிக்கொண்டு அலையில் வந்தார். முதலில் அந்தப் பெண் பயந்து கத்தினாளாம். எனக்கு ஆறுதலாக இருந்தது. ட்யூக் செய்த பலகை இன்றும் ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்பு சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

சிலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன்தான், நிறுத்தவில்லை. ட்யூக்குக்கு முன்பே இன்னொருவர் இருந்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேன்லியில் ஒரு தோட்டக்காரப் பையன். பசிபிக் தீவான டான்னாவில் இருந்து (இன்றைய வனுவாட்டு) வந்தவன். டாமி டான்னா என்று கூப்பிட்டார்கள். அது அவன் பெற்றோர் வைத்த பெயராக இருக்க முடியாது, ஊர்ப் பெயரை ஒட்டவைத்துவிட்டார்கள். பலகையே இல்லாமல் உடம்பையே பலகையாக்கி அலையோடு கரைக்கு வரும் வித்தையை மேன்லிப் பையன்கள் அவனிடம்தான் கற்றார்கள். கரையில் கற்க ஆள் இருந்தும், அந்தக் காலத்தில் நியூ சவுத் வேல்ஸில் பகலில் கடலில் குளிக்கவே தடை! 1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் 'பட்டப்பகலில் குளிக்கப் போகிறேன், முடிந்தால் பிடியுங்கள்' என்று அறிவித்துவிட்டு மேன்லியில் இறங்கினார். அதற்குப் பிறகுதான் தடை தளர்ந்தது. உலகமே வந்து பார்க்கும் ஆஸ்திரேலியக் கடற்கரை வாழ்க்கை, ஒரு தோட்டக்காரனும் ஒரு ஹவாய்க்காரரும் போட்ட பிச்சை என்றால் இங்கே ஆபீசில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதைப் படிக்கும்போதுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்து உறுத்தியது.

2005. சுனாமி வந்து சில மாதங்கள். பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்த புதுசு, சென்னைக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிளையில் போட்டிருந்தார்கள். படகையும் வலையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். நான் படிவம் நிரப்புவேன். ஐம்பது வயசிருக்கும் ஒருவரிடம் கேட்டேன்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"படிக்கலை சார்."

"ஏதாச்சும் தொழில் பயிற்சி?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பா கூட்டிட்டுப் போனாரு சார். பதினோரு வயசுல."

பயிற்சி என்ற கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். அவருக்குக் கடன் கிடைத்தது, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நாற்பது வருஷம் அலையைத் தாண்டிப் போய் வந்த மனிதருக்கு எதிரே, இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டாத நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு பெரிய 'இருக்கிறது' அது என்று தெரிய மதராஸ் சரித்திரத்துக்குப் போக வேண்டும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இடம் பிடித்தபோது துறைமுகம் கிடையாது. அதற்குப் பிறகும் இருநூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. கப்பல்கள் எட்டவே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வரிசை வரிசையாக உடையும் அலை. ஐரோப்பியர்கள் ஆணி அடித்துச் செய்த படகு அந்த அலையில் அகப்பட்டால் தரையில் மோதிப் பிளந்துவிடும். அதனால் கவர்னராக இருந்தாலும் கரை சேர உள்ளூர்க்காரர் தயவு வேண்டும். அவர்களிடம் இருந்தது மசூலாப் படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஒரு ஆணி கிடையாது. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். எந்த அலையை விட வேண்டும், எந்த அலையின் முதுகில் ஏற வேண்டும் என்று படகோட்டிகள் காத்திருந்து கணக்குப் பார்த்துத் துடுப்புப் போடுவார்கள்.

மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரம் போகும். நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். கப்பலுக்குப் போகும் கடிதங்களைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். அலை தூக்கி எறிந்தால் நீந்திப் போய் மரத்தைப் பிடித்து மறுபடி ஏறுவார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் எழுதிய குறிப்புகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் ஆச்சரியம், கூடவே கூலி அதிகம் கேட்கிறார்கள் என்ற முணுமுணுப்பும்! படகு கவிழ்ந்து முழுகியவர்களைக் காப்பாற்றியதற்குப் பதக்கமும் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் அகராதிக்குக் 'கேட்டமரான்' என்ற வார்த்தை போனது இப்படித்தான். சிட்னி துறைமுகத்தில் ஓடும் கேட்டமரான் படகில் ஆபீஸ் போகும் தமிழர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு துறைமுகம் கட்டினார்கள். 1881 புயல் பாதியில் தகர்த்தது, மறுபடி கட்டினார்கள். துறைமுகச் சுவர் மணலை மறித்ததில் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. படகோட்டிகளின் தொழில் போய்விட்டது. அலையைப் படிக்கும் வித்தை மட்டும் மீனவக் குப்பங்களில் மிச்சம் இருந்தது. அதை யாரும் வித்தை என்று சொல்லவில்லை, அவர்கள் உட்பட.

அந்த வித்தை மறுபடி பெயர் வாங்கியது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில். (எங்கள் ஊர்க்காரர்கள் கோவளம் என்றால் திருவனந்தபுரத்துக் கோவளத்தை நினைப்பார்கள். அதற்கும் வருகிறேன்.) மூர்த்தி மேகவன் என்ற மீனவர் சின்ன வயசில் கிடைத்த மரப்பலகையில் அலையில் வழுக்கி விளையாடியவர். 2000களின் தொடக்கத்தில் ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கர் கோவளத்து அலையில் சர்ஃபிங் செய்வதைப் பார்த்து, கொஞ்ச நேரத்துக்குப் பலகையைக் கடன் கேட்டார். 'சர்ஃபிங் சுவாமி' என்று பெயர் பெற்ற இந்த ஹெப்னர்தான் 2004இல் கர்நாடகத்து முல்கியில் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கியவர். பலகைக்கு எப்படி ஏறுவது என்பதுதான் மூர்த்திக்குப் புதுசு. அலை புதுசில்லை. யோதம் அகம் என்ற இசைக்காரரும் அருண் வாசு என்ற தொழிலதிபரும் கைகொடுக்க, 2012இல் கோவளம் பாயிண்ட் சர்ஃப் பள்ளி வந்தது. மீனவப் பையன்கள் பயிற்சியாளர்கள் ஆனார்கள். குடி, சிகரெட் கூடாது என்பது மூர்த்தி போட்ட சட்டம். 2013இல் சர்ஃபிங் திருவிழா தொடங்கி, ஜான்டி ரோட்ஸ் எல்லாம் வந்து அலை ஏறினார்.

கேரளக் கோவளத்தில் 2005இலேயே ஒரு பெல்ஜியக்காரர் தொடங்கிய கிளப் இருக்கிறது. பள்ளிக்கூடம் போனால்தான் பலகை கிடைக்கும் என்பது அங்கே சட்டம். கர்நாடகத்தில் இருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன் ரமேஷ் புதிஹால் அங்கே கற்றவர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் போட்டியில் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். நம்மைப் போல ஊர் மாறியவர் என்பதால் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததில் கட்டுமரம் அருகிப் போனது. சர்ஃபிங் வருகிற குப்பத்தில் ரிசார்ட்டும் வருகிறது, நில விலையும் ஏறுகிறது. பலகையில் ஏறுகிற பெண் பிள்ளைகள் இன்னும் குறைச்சல்தான். கணக்குப் படித்தவன், பற்றையும் வரவையும் சேர்த்துத்தான் பார்க்க முடிகிறது.

2024 ஜனவரியில் ஊருக்குப் போனபோது மகளோடு கோவளம் போனேன். பதிவுப் படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

பயிற்சியாளருக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். முதலில் மணலில் பலகையை வைத்துப் பாடம். குப்புறப் படு, விலா எலும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை ஊன்று, ஒரே உந்தலில் எழுந்து முழங்காலை மடக்கி நில். விழுந்தால் தலையைக் கையால் மூடிக்கொண்டு தட்டையாக விழு, பலகைக்கு முன்னால் விழாதே. மணலில் நான் பிரமாதமாகச் செய்தேன். தண்ணீரில் பதினேழு முறை விழுந்தேன். மகள் எண்ணினாள்.

அந்தப் பையன் அலையைப் பார்த்து நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு எல்லா அலையும் ஒன்றுதான். அவன் "இது வேணாம் சார்... இதுவும் வேணாம்... பின்னாடி வருது பாருங்க, அது" என்பான். தூரத்தில் ஒரு கோடுதான் தெரியும். சொன்ன மாதிரியே அது எழுந்து வரும். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான். "எங்க அப்பா கூட்டிட்டுப் போவாரு சார், சின்னதுல."

எனக்குத் தண்ணீருக்குள்ளேயே கொஞ்சம் வேர்த்தது. அதே பதில். அந்தப் பெரியவர் அவனுக்கு உறவா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கடலோரத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பதினெட்டாவது முறை நின்றேன். மூன்று விநாடி இருக்கும். அதற்குள் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், பொத்தென்று விழுந்தேன். மூக்கு வழியே உப்புத் தண்ணீரோடு எழுந்தபோது பையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான்: "ஏன் சார் காலைப் பார்க்குறீங்க? கரையைப் பாருங்க சார். கால் எங்க போயிடப் போவுது?"

இப்போது சனிக்கிழமைகளில் ஃப்ரெஷ்வாட்டரில் நானும் மகளும் ஒன்றாக இறங்குகிறோம். துண்டுக்கும் புளியோதரைக்கும் வீட்டம்மா காவல். நான் பலகையில் எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னால் இருந்து மகள், சுற்றியிருக்கிற வெள்ளைக்காரப் பசங்களுக்குப் புரியாத தமிழில், அச்சு அசல் கோவளத்து ராகத்தில் கத்துகிறாள்: "கால் எங்க போயிடப் போவுது!"