அழியும் சில்லு, அழியாத சில்லு

2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதி கடைசிச் சுற்று வரை இழுபறியாக இருந்தது. காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடம் வந்த தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன், 14 வாக்குச்சாவடிகளின் இயந்திரங்களைச் சரிபார்க்கும்படி தேர்தல் ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். அவர் சோதிக்கக் கேட்டது இயந்திரத்துக்குள் இருக்கும் சில்லின் நினைவகத்தை. தமிழ்நாட்டில் அப்படி மனு வந்த இன்னொரு தொகுதி வேலூர்.

இந்த உரிமையைத் தந்தது 2024 ஏப்ரல் 26 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. விருதுநகர் தொகுதியின் சிவகாசியும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் வாக்களித்து முடித்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் ‘எரித்து எழுதிய’ நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிக்கலாம் என்றது தீர்ப்பு. ஓர் இயந்திரத் தொகுப்புக்கு ஆணையம் அப்போது வைத்த கட்டணம் 40,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.

வாக்கு இயந்திரத்துக்குள் இரண்டு வகை நினைவகங்கள் அருகருகே வேலை செய்கின்றன. ஒன்றில் எழுதியது எழுதியதுதான். மற்றொன்றை எத்தனை முறையும் துடைத்து எழுதலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விருதுநகர் மனு எதைக் கேட்டது என்பது விளங்கும்.

முதல் வகையின் மூத்த வடிவம் ‘ப்ராம்’. அதற்குள் மயிரிழை போன்ற உலோக இணைப்புகள் இருக்கும். வேண்டாத இணைப்பில் கூடுதல் மின்சாரம் பாய்ச்சினால் அது உருகி அறுந்துவிடும். அறுந்தது ஒரு குறி, அறாதது மற்றொரு குறி. பட்டாசுத் திரியைப் போலத்தான்: பற்றியதைப் பற்றாததாக்க முடியாது. நிரலை ‘எரிப்பது’ என்று பொறியாளர்கள் இன்றும் சொல்வது அங்கிருந்து வந்த வழக்கம்.

இரண்டாம் வகை 1971இல் வந்தது. இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய 1702 என்ற சில்லு 2,048 பிட்டுகளை வைத்துக்கொள்ளும். சிலிக்கான் ஆக்சைடால் நாற்புறமும் மூடிய சிறு வாயிலுக்குள் எலக்ட்ரான்களை ஏற்றி அடைத்துவிடுவார்கள். மின்சாரம் போனாலும் அவை உள்ளேயே கிடக்கும். சில்லின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு குட்டிச் சன்னல். அதன் வழியே ஏறக்குறைய இருபது நிமிடம் புற ஊதா ஒளி பாய்ச்சினால் அடைபட்ட எலக்ட்ரான்கள் தப்பி, சில்லு வெற்றுப் பலகையாகிவிடும். வெயிலில் விட்டாலும் நாளடைவில் எழுத்து போகும். அதனால் சன்னலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள். பிறகு மின்சாரத்தாலேயே அழிக்கும் ‘ஈஈப்ராம்’ வந்தது. 1984இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா, ஒரே வீச்சில் பெரும்பகுதியைத் துடைக்கும் ‘ஃபிளாஷ்’ நினைவகத்தை அறிவித்தார். நம் பென்டிரைவும் கைப்பேசியும் அந்த வழியில் வந்தவைதான்.

கடையில் ‘ஒருமுறை மட்டும் எழுதத்தக்கது’ என்று விற்ற சில்லுகள் பலவற்றின் உள்ளே இருந்ததும் இதே அழிக்கத்தக்க சிலிக்கான்தான். கண்ணாடிச் சன்னலுக்குச் செலவு அதிகம் என்று பிளாஸ்டிக் கூட்டில் மூடிவிட்டார்கள், ஒளி புக வழியில்லாமல் போயிற்று. ஆக, அழியாத்தன்மை சில நேரம் சில்லின் இயல்பிலேயே இருக்கிறது, சில நேரம் மேலே போட்ட கூட்டினால் வருகிறது. வெளியிலிருந்து பார்க்கும் வாக்காளருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

வாக்கு இயந்திரத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் பெரிய சிக்கல் இல்லை. கட்டளை நிரல் அழியாததில் இருக்க வேண்டும், பதிவாகும் வாக்குகள் அழிக்கத்தக்கதில் இருக்க வேண்டும். தேர்தல் நாள் காலையில் வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் அதற்கு முன்பே முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போடுவார்கள். முடிவைக் காட்டிவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியில் ‘கிளியர்’ பொத்தானை அழுத்துவார்கள். மொத்தம் பூஜ்யம் என்று காட்டிய பிறகுதான் முத்திரை வைப்பார்கள். அழிக்க முடியாத சில்லாக இருந்தால் இந்த ஒத்திகையே நடக்காது, அடுத்த தேர்தலுக்கும் அந்தக் கருவி உதவாது.

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா பணியாற்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஹைதராபாதின் இ.சி.ஐ.எல்.லும் செய்துவந்த இயந்திரங்களில் பழையது ஒன்றை ஆய்வாளர்கள் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் குழுவினர் 2010இல் ஆராய்ந்தார்கள். நிரல், தொழிற்சாலையிலேயே பதித்த சில்லில் இருந்தது. வாக்குகள் ஈஈப்ராமில் இருந்தன. அவர்கள் நிரல் சில்லின் பக்கமே போகவில்லை. ஈஈப்ராமின் கால்களில் ஒரு சிறு கருவியைக் கவ்வவைத்து, பதிவான வாக்குகளை மாற்றிக் காட்டினார்கள். இயந்திரத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டால்தான் அது முடியும். முத்திரையும் காவலும் இருக்கும்போது முடியாது என்பது ஆணையத்தின் பதில். அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் அப்படிப் பார்த்தால் நம்மைக் காப்பது அரக்கு முத்திரையும் காவலரும்தான், சில்லு அன்று.

அழியாத சில்லின் குறை வேறு. பதித்த நிரலை யாரும் வெளியே எடுத்துப் படிக்க முடியாதபடி பூட்டுவதைப் பாதுகாப்பு என்கிறார்கள். திருடனுக்குப் போட்ட அந்தப் பூட்டு, தணிக்கையாளரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. மாற்றவே முடியாத ஒன்றில் முதல் நாளே தவறு நுழைந்திருந்தால், அந்தத் தவறும் மாறாமலே இருக்கும்.

2024 ஏப்ரல் தீர்ப்பு வந்த வழக்கில் வாதம் இதைச் சுற்றித்தான் நடந்தது. போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியில் சின்னங்களை ஏற்ற ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது, அது திரும்ப எழுதத்தக்கது என்று மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் எடுத்துவைத்தார். கட்டளை நிரல் ஒருமுறை மட்டுமே எழுதத்தக்கது, ஃபிளாஷில் ஏறுவது சின்னங்களின் படம்தான் என்றது ஆணையம். நீதிமன்றம் ஆணையத்தின் விளக்கத்தை ஏற்றது. ஆனாலும் சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு முடிவுக்குப் பின் 45 நாள் காக்கச் சொன்னது.

பிறகு ஆணையம் வகுத்த முறையில் சரிபார்ப்பு என்பது மாதிரி வாக்குப்பதிவாகச் சுருங்கியது. புதிதாக வாக்குப் போட்டு, கூட்டிப் பார்த்து, சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது அந்த முறை. தேர்தல் நாளில் பதிவானதைத் துடைத்துவிட்டுச் செய்யும் சோதனை, அந்த நாளில் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்லும்? சரிபார்க்கும்போது தரவை அழிக்கவோ மீண்டும் ஏற்றவோ வேண்டாம் என்று 2025 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. 40,000 ரூபாய்க் கட்டணத்தையும் குறைக்கச் சொன்னது.

அழிக்கத்தக்கதா, அழிக்கத்தகாததா என்று கேட்டால், வாக்கு இயந்திரத்துக்கு இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் அழியாத நிரலின் நகலை வேட்பாளர்களின் வல்லுநர்கள் முன்னிலையில் வெளியே எடுத்து மூலத்தோடு ஒப்பிட வழி இருக்க வேண்டும். அழியும் நினைவகத்தில் உள்ளதைக் குறிப்பிட்ட காலம் வரை எவரும் தொடக் கூடாது.

வாக்குச்சாவடி முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் ‘கிளியர்’ அழுத்தும்போது பூஜ்யத்தைக் கண்ணால் பாருங்கள். மாலையில் பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள்.