நினைவின் முகமும் பெயரின் இடமும்: ‘எஞ்சாய் எஞ்சாமி’ காணொளிப் பாடல் – ஓர் ஊடகவியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

2021 மார்ச் 7 அன்று வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் தனியிசைக் காணொளி, இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் வாய்மொழி நினைவைக் காட்சியாக்குகிறது. காட்சி அந்நினைவுக்கு மைய இடம் தருகிறது. காட்சியைச் சூழ்ந்த பெயர்க்குறிப்போ அதற்கு இடமளிப்பதில்லை. இம்முரணை வால்ட்டர் ஓங், ஜெரார் ஜெனெத் ஆகியோரின் கருத்தாக்கங்கள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தனியிசை, மலையகத் தமிழர், ஒப்பாரி, இரண்டாம்நிலை வாய்மொழி, புறப்பனுவல்.

வரலாற்றுப் பின்புலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தங்களில் மலையக மக்கள் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். அவர்களுடைய அனுபவம் பெரிதும் வாய்மொழியிலேயே தங்கியது. பாடலாசிரியர் அறிவு, தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவுகளிலிருந்தே இப்பாடல் பிறந்தது எனக் கூறியுள்ளார்.

வாய்மொழியும் காணொளியும்

எழுத்தின் துணையோடு இயங்கும் மின்னணு ஊடகங்களில் மீண்டும் தோன்றும் வாய்மொழித் தன்மையை ஓங் 1982இல் ‘இரண்டாம்நிலை வாய்மொழி’ என்றார். வாய்மொழி அடுக்கிச் சொல்லும். கேட்போரைப் பங்கேற்பாளராக்கும் என்பது அவர் கருத்து. இப்பாடலில் உயிரினங்களும் விளைபொருள்களும் வரிசையாக அடுக்கப்படுவதும், விளித்தொடர்கள் திரும்பத் திரும்ப வருவதும் அத்தன்மையின. தலைப்பிலுள்ள ‘சாமி’ என்னும் விளி குறிப்பிடத்தக்கது. நிலமற்ற உழைப்பாளர் நிலவுடைமையாளரை விளித்த அச்சொல்லே, முதியோர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல்லாகவும் வழங்குகிறது. பாடல் அதனை அதிகாரத்திலிருந்து மீட்டு உறவுக்குள் வைக்கிறது.

எனினும், ஓங்கின் கருத்தாக்கம் ஓர் இடத்தில் போதாமல் போகிறது. ஒப்பாரியைக் கேட்போர் இழப்பை அறிந்த உற்றார்; காணொளியைக் காணும் பல கோடிப் பேரோ அவ்விழப்பை அறியாதவர்கள். ஆகவே, பாடலின் ஒப்பாரிக் கூறு அவர்களிடம் கொண்டாட்ட இசையாகவே சென்றுசேரக்கூடும். இவ்விடைவெளியைக் காட்சி ஓரளவு நிரப்புகிறது. அறிவின் பாட்டி காணொளியில் அரசிக்குரிய மிடுக்குடன் அமர்ந்திருக்கிறார். வரலாறு அறியாத பார்வையாளரும், இப்பாடல் எவருடைய நினைவு என்னும் வினாவை எதிர்கொள்ள அம்முகம் வழிசெய்கிறது.

பெயர்வரிசை என்னும் புறப்பனுவல்

தலைப்பு, ஆசிரியர் பெயர், அட்டை, நேர்காணல் முதலியவற்றை ஜெனெத் 1987இல் ‘புறப்பனுவல்’ என வகைப்படுத்தினார். இவை பனுவலுக்கு வெளியே நிற்பன அல்ல. அதற்குள் நுழையும் வாயில்கள். யூடியூப் தலைப்பில் தீயின் பெயர் முதலிலும், ‘ஃபீச்சரிங்’ என்பதன் சுருக்கக் குறியோடு அறிவின் பெயர் அடுத்தும், தயாரிப்பாளராகச் சந்தோஷ் நாராயணனின் பெயர் இறுதியிலும் அமைந்தன. இசைத்துறை வழக்கில் அக்குறி இணைந்து பங்களிக்கும் விருந்துக் கலைஞரைச் சுட்டும்.

இவ்வரிசையின் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது குறித்து இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே இப்பாடல் மேடையேறியது. அதன்பின் அறிவு தம் படைப்புரிமையை வலியுறுத்த, தீயும் சந்தோஷ் நாராயணனும் இது கூட்டுப்படைப்பு என விளக்கமளித்தனர்.

இவ்விவாதத்தில் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் என்னும் பகுப்பினுள்தான் இருதரப்பும் வாதிட்டன என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒப்பாரியை வளர்த்த பெண்களுக்கோ, நினைவைக் கையளித்த முதியவருக்கோ அப்பகுப்பில் இடமில்லை. வாதம் யார் பக்கம் முடிந்திருப்பினும் அவ்விடம் வெற்றாகவே இருந்திருக்கும்.

முடிவுரை

1964இன் ஒப்பந்தம் மலையக மக்களை எண்களாக்கியது. 2021இன் காணொளி அவர்களுள் ஒருவருக்கு முகம் அளித்தது. ஆனால் அது வெளியான தளத்தின் பெயர்வரிசை அம்முகத்திற்குரிய பங்கைப் பதிவு செய்யவில்லை. தனியிசைக் காணொளிகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்கள், பாடலையும் காட்சியையும் மட்டுமன்றி, தலைப்பு, பங்களிப்பாளர் குறிப்பு, மேடையேற்றம் ஆகியவற்றையும் சேர்த்தே ஆவணப்படுத்த வேண்டும். வாய்மொழி மரபு யாரால் பேசப்பட்டது, யார் பெயரில் நிலைத்தது என்னும் இரு வினாக்களுக்கும் விடை அவற்றைச் சேர்த்து வாசிக்கும்போதே கிடைக்கும்.