பிலிப்பினோக்களின் அயலக வாழ்க்கை: மணிலாவும் விருத்தாசலமும்

வெளிநாடுகளில் வேலை பார்த்தும் குடியேறியும் வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒரு கோடிக்கும் மேல். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 11 கோடிதான். துபாய் மருத்துவமனையில் ஊசி போடும் செவிலியர், ஹாங்காங் அடுக்ககத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பணிப்பெண், ரியாத்தில் கட்டடம் எழுப்பும் மேஸ்திரி என்று அவர்கள் இல்லாத ஊர் குறைவு. உலகக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகளில் நான்கில் ஒருவர் பிலிப்பினோ என்பது கப்பல் துறையில் வழங்கும் கணக்கு. 2024-ல் வங்கிகள் வழியாக மட்டும் இவர்கள் வீட்டுக்கு அனுப்பிய தொகை 3,400 கோடி டாலருக்கு மேல்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்கு இந்த மக்களின் தலைநகரான மணிலாவின் பெயர் அந்நியம் அல்ல. அந்த ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் வந்து குவியும் நிலக்கடலையை விவசாயிகள் ‘மணிலா’ என்றுதான் சொல்வார்கள். பேச்சில் அது மல்லாட்டை. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர் இது. மெக்சிகோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து தமிழ் மண்ணுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற முன்னொட்டோடு பல நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

அந்த ஊரின் இன்னொரு முகம் பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும்போது மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி, பக்கத்திலேயே இருக்கும் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உருவாயின. பொம்மை, அகல்விளக்கு, தேநீர்க் கோப்பை, மின்சார ஃபியூஸ் கட்டை ஆகியவை இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. பிலிப்பைன்ஸில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்க ஊர், வடக்கே இலோகோஸ் பகுதியில் உள்ள விகான். அங்கே ‘பர்னாய்’ என்ற கருநிற ஜாடிகளை நெடிய சூளைகளில் சுடுகிறார்கள். காடி, கரும்பு மது, உப்பில் ஊறிய மீன் எல்லாம் அந்த ஜாடிகளில்தான் மாதக்கணக்கில் பக்குவமாகும்.

பிலிப்பினோக்களின் நவீனக் குடிபெயர்வு தொடங்கியதும் இந்த இலோகோஸ் மண்ணில்தான். 1906 டிசம்பரில் 15 பேர் டோரிக் என்ற கப்பலில் ஹவாய் போய் இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தம் செய்யப்பட்டவர்கள். பின்னால் பல்லாயிரம் பேர் அதே வழியில் போனார்கள். மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கரும்பு வெட்டப் போன தமிழர் கதையை அறிந்த எவருக்கும் இது புதிதாக இராது.

பிறகு நடந்ததுதான் தமிழ்நாட்டிலிருந்து வேறுபடுகிறது. 1974-ல் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஆட்சி தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டு வேலையை அரசே ஏற்று நடத்தும் காரியமாக்கியது. உள்ளூரில் வேலையில்லை, எண்ணெய் விலை ஏறிய வளைகுடாவில் ஆள் தேவை. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது தலைமுறைகளைத் தாண்டி நிலைத்துவிட்டது. 1988-ல் அதிபர் கொரசோன் அக்கினோ ஹாங்காங் பணிப்பெண்களிடம் பேசியபோது அவர்களை நாட்டின் புதிய வீரர்கள் என்று போற்றினார். அந்தப் பட்டம் இன்றும் அரசு மேடைகளில் ஒலிக்கிறது. வீரர் என்று சொல்லி அனுப்பிவைப்பது எளிது. ஊரிலேயே வேலை தருவதுதான் கடினம் என்று அந்நாட்டிலேயே பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறை நியாயமானது.

1995 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃப்ளோர் கன்டம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண் கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் காப்பாற்ற அரசு போதுமான முயற்சி எடுக்கவில்லை என்று பிலிப்பைன்ஸ் முழுதும் மக்கள் கொதித்து எழுந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 7 அன்று புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அந்த நாள் இன்று புலம்பெயர் தொழிலாளர் தினம். 2003-ல் வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2004 தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் இன்றும் வாக்களிக்க வேண்டுமானால் விமானம் ஏறிச் சொந்தத் தொகுதிக்கு வர வேண்டும். பிலிப்பைன்ஸிலோ 2021-ல் இயற்றிய சட்டத்தால் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்றே தனி அமைச்சகமும் உருவாகிவிட்டது.

அன்றாட வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கும் மதிப்பு தனி. ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் வார நாள்களில் வங்கியாளர்கள் விரைந்து நடக்கும் அதே நடைபாதைகளிலும் மேம்பாலங்களிலும் ஞாயிறன்று அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. சொந்த அறை இல்லாதவருக்கு வாரத்தில் ஒரு நாள் தெருதான் கூடம். ஒருத்தி இன்னொருத்திக்கு நகம் வெட்டிவிடுவாள், வேறொருத்தி கைப்பேசியில் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பாள். நடுவே டப்பாக்களில் சோறும் அடோபோவும் பன்சித் நூடுல்ஸும் இருக்கும். சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசா பிலிப்பினோக்களால் நிறையும் அதே ஞாயிறு மாலையில்தான் சிராங்கூன் சாலையின் தேக்கா பகுதி தமிழ்த் தொழிலாளர்களால் நிறைகிறது. இரண்டு இடத்திலும் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை நிற்கும்.

சமையலில் இவர்களின் ஊர்ப்பாசம் நன்றாகத் தெரியும். அடோபோ என்பது கோழியையோ பன்றி இறைச்சியையோ காடி, சோயா சாறு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்துச் சுண்டவைப்பது. காடியில் வெந்ததால் சட்டெனக் கெடாது. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துத் திரும்புகிறவர் ஒருநாள் சமைத்து இரண்டு மூன்று நாள் வைத்துச் சாப்பிடலாம். சினிகாங் நம் நாக்குக்கு இன்னும் நெருக்கம். புளியங்காய்ச் சாற்றில் மீனோ இறாலோ இறைச்சியோ போட்டு, முள்ளங்கி, வெண்டை, தக்காளி, கீரை, பச்சை மிளகாயோடு கொதிக்கவிடுகிறார்கள். மஞ்சளும் தாளிப்பும் இல்லை. மற்றபடி கிராமத்துப் புளித்தண்ணிக் குழம்பின் உறவுதான். வெளிநாட்டில் பச்சைப் புளியங்காய்க்கு வழியில்லாதபோது பொட்டலத்தில் வரும் சினிகாங் தூளைக் கரைத்துக்கொள்கிறார்கள். ஊறுகாய்ப் பாட்டிலையும் சாம்பார்ப் பொடியையும் பெட்டியில் செருகிக்கொண்டு விமானம் ஏறுகிற தமிழருக்கு இதன் அருமை தெரியும்.

சாப்பிடும் முறையே ஒரு வழக்கானதும் உண்டு. 2006-ல் கனடாவின் மாண்ட்ரியால் அருகே ஒரு பள்ளியில் ஏழு வயதுப் பிலிப்பினோச் சிறுவன் தன் வீட்டு வழக்கப்படி ஒரு கையில் கரண்டியும் மறு கையில் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டான். மணிலாவில் கனடியத் தூதரகத்தின் முன் கரண்டி ஏந்திய ஆர்ப்பாட்டம் நடந்தது. வழக்கு கியூபெக் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பானது. கையால் சாப்பிட்டதற்காக முகம் சுளிக்கப்பட்ட தமிழ்க் குழந்தைகளின் பெற்றோர் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். வீட்டு விருந்துகளில் பிலிப்பினோக்களும் கரண்டியை ஒதுக்கிவிடுவார்கள். மேசை நீளத்துக்கு வாழையிலை விரித்து, சோற்றைக் குவித்து, மீனும் இறைச்சியும் காய்கறியும் பரப்பி, சுற்றி நின்று கையால் சாப்பிடுவார்கள்.

பாலிக்பயன் பெட்டியைச் சொல்லாமல் இவர்களைப் பற்றி எழுத முடியாது. வீட்டுக்கு அனுப்பும் பெரிய அட்டைப் பெட்டி அது. எடைக்குக் கட்டணம் இல்லை, பெட்டிக்குத்தான் என்பதால் மூலை முடுக்கு எதுவும் காலியாக இருக்கக் கூடாது. டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, சாக்லேட், குளியல் சோப்பு, பற்பசை, துண்டு, தம்பிக்குக் காலணி, காலணிக்குள் சுருட்டித் திணித்த சாக்ஸ் என்று மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நிரப்புவார்கள். கப்பலில் போய்ச் சேரச் சில வாரங்கள் ஆகும். 2015-ல் சுங்கத்துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போவதாகச் சொன்னதும் உலகெங்குமிருந்த பிலிப்பினோக்கள் கொந்தளித்தார்கள், அரசு பின்வாங்கியது. மறு ஆண்டு வந்த சுங்கச் சட்டம் ஒன்றரை லட்சம் பெசோ மதிப்புவரை வரிவிலக்குத் தந்தது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்திறங்கும் நாளில் பெட்டி பிரிக்கும் நேரத்துக்கு வீடே கூடி உட்காரும். அதே ஆவல்தான் அங்கும்.

கடலூர்ப் பக்கத்துக்கும் மணிலாவுக்கும் ஆட்கள் வழியாகவும் ஓர் உறவு உண்டு. அது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சோழமண்டலத் துணிகள் மணிலாவுக்குக் கப்பலேறின. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுத்த ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மணிலா வாணிபத்தில் செல்வம் சேர்த்தவர். துணிக்குப் பின் படைவீரரும் போனார்கள். கடலூர்த் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டைக்கு 1748-ல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையை ஒழுங்குபடுத்தினார். தொடர்ந்த கர்நாடகப் போர்களில் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் மதில்களும் படைகள் தங்கும் அரணாயின. 1751-ல் ராபர்ட் கிளைவ் இந்த வழியாகப் போயிருக்கிறார்.

அந்தச் சிப்பாய்ப் படையில் ஒரு பகுதி 1762-ல் சென்னையிலிருந்து கப்பலேறியது. ஸ்பெயினோடு போர் மூண்டிருந்ததால் வில்லியம் டிரேப்பரும் கடற்படைத் தலைவர் சாமுவேல் கார்னிஷும் மணிலாவைத் தாக்கப் புறப்பட்டார்கள். செப்டம்பர் இறுதியில் கடலோரத்தில் இறங்கிய படை அக்டோபர் 6 அன்று நகரைப் பிடித்தது. சென்னைக் கம்பெனி நிர்வாகத்தைச் சேர்ந்த டாசன் டிரேக் ஆளுநரானார். 1764-ல் நகரை ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுத்துப் படை கிளம்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அந்த ஊர்ப் பெண்களை மணந்து, அங்கேயே வேர்விட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கத்தோலிக்கர்கள். தகாலோக் பேசும் முழு பிலிப்பினோக்கள்.

கரே-கரே என்ற புகழ்பெற்ற பிலிப்பினோக் குழம்பு இவர்கள் அடுப்பிலிருந்து பிறந்தது என்று ஒரு வழக்கு உண்டு. மாட்டு வாலையும் குடலையும் வேகவைத்து, வறுத்தரைத்த நிலக்கடலையும் அரிசிமாவும் கரைத்துக் கெட்டியாக்கி, கத்திரிக்காய், காராமணி, வாழைப்பூ சேர்த்துச் சமைப்பது அது. பக்கத்தில் இறால் விழுது வைத்துத் தொட்டுக்கொள்வார்கள். வழக்கு உண்மையோ இல்லையோ, மல்லாட்டைச் சட்னிக்கும் வாழைப்பூப் பொரியலுக்கும் பழகிய விருத்தாசலத்துக்காரருக்கு அதில் தெரியாத பொருள் ஏதுமில்லை. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து வாழையிலை விரித்த மண்சட்டியில், கீழும் மேலும் தணல் வைத்துச் சுடும் பிபிங்காவுக்கும் கைந்தா பேர்போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் பின் தேவாலய வாசலில் சாப்பிடும் பண்டம் அது. வளைகுடாத் தேவாலயங்களில் இந்தப் பூசையை வேலை நேரத்தை ஒட்டி இரவில் நடத்துகிறார்கள்.

தமிழர் பிலிப்பைன்ஸுக்குப் போவது பின்னரும் தொடர்ந்தது. லோஸ் பான்யோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1982 முதல் 1988 வரை தலைமை வகித்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். அங்கே உருவான ஐ.ஆர். 8 நெல் தமிழக வயல்களின் போக்கையே மாற்றியது. மருத்துவம் படிக்க தாவாவ் நகருக்குப் போகும் தமிழ் மாணவர்களும் பலர்.

இந்த வாழ்க்கையின் விலையையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸ் கிராமங்களில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, அம்மாவைத் திரையில் மட்டுமே பார்த்துப் பெரியவர்களான ஒரு தலைமுறை இருக்கிறது. பிறர் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் தாய், தன் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பணம் மட்டுமே அனுப்ப முடிகிறது. 2018-ல் குவைத்தில் ஒரு பிலிப்பினோப் பணிப்பெண்ணின் உடல் பூட்டிய வீட்டின் குளிர்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. கொல்லப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதன் பிறகு பிலிப்பைன்ஸ் அரசு குவைத்துக்குத் தொழிலாளர் அனுப்புவதையே சில மாதங்கள் நிறுத்தி, ஒப்பந்த விதிகளைக் கடுமையாக்கிய பின்தான் மீண்டும் அனுமதித்தது. சட்டம் வலுவாக இருந்தும் இப்படி நடக்கிறதென்றால், சட்டத்தின் காப்பே இல்லாமல் போகிறவர் நிலை என்ன?

1980களிலிருந்தே பிலிப்பைன்ஸ் தன் தொழிலாளர் ஒவ்வொருவரையும் புறப்படுமுன் ஒரு வகுப்பில் உட்காரவைக்கிறது. ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கினால் யாரை அழைக்க வேண்டும், பணத்தை எப்படி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கே சொல்லித்தரப்படுகிறது. 25 டாலர் கட்டி நலநிதியில் உறுப்பினரானால் இரண்டு ஆண்டுக்குக் காப்பு. தமிழ்நாட்டிலும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்குகிறது. அயலகத் தமிழர் நலத்துறையும் உண்டு. ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். இந்திய வெளியுறவு அமைச்சகமும் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி நடத்துகிறது. இவை சென்னையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு வட்டத் தலைநகருக்கும் வர வேண்டும். அதுவரை, வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் தங்கள் முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.