கற்றதும் களவாடியதும்

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் எங்கிருந்து வந்தது? 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்தனர். இதை நம் வட்டாரம் மறைப்பதில்லை. பிறரிடம் கற்பது இழுக்கன்று. கற்ற இடத்தை மறைப்பதே களவு.

இயற்பியல் ஆய்விலும் இக்களவு நிகழ்ந்ததுண்டு. 2002-இல், நைனிதாலிலுள்ள குமாவோன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பெயரில் கருந்துளை பற்றிய கட்டுரை ஒன்று ஐரோப்பிய ஆய்விதழில் வெளிவந்தது. அது ஸ்டான்ஃபோர்டு பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் 1996-இல் வெளியிட்ட கட்டுரையின் நகல் என்பது தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டு இயற்பியலறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினர். விசாரணையில் குற்றம் உறுதியாயிற்று. 2003-இல் துணைவேந்தர் பதவி விலகினார்.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென விதிகள் வகுத்தது. அதன்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் மாணவரின் பதிவே ரத்தாகும். மூலத்தைக் குறிப்பிட்டுக் காட்டிய மேற்கோள்கள் இக்கணக்கில் சேரா.

இணையவழிப் பாடம் பயிலும் மாணவர்களே! ஒப்படைப்பு எழுதுமுன் படித்த பக்கத்தை மூடிவிடுங்கள். புரிந்ததை உங்கள் நடையில் எழுதுங்கள். கருத்து யாருடையது என்பதை அவ்விடத்திலேயே குறியுங்கள். கல்கத்தாப் பெட்டிமேல் புது லேபிளை ஒட்டியிருந்தால், சிவகாசியில் ஒரு தொழில் பிறந்திருக்குமா?